காய் வாங்கப் போன எண்பது நிமிடம்

"நாளையிலேர்ந்து இந்த வீட்டு ராத்திரிச் சமையல் என் பொறுப்பு!" என்று நான் அறிவித்தபோது என் மனைவி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றியவள் அடுத்ததை மறந்துவிட்டாள். ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் மாறிடுச்சு."

"யார் மனசு?"

"என் மனசும்மா. நீ பதினோரு மணிக்குக் கிளம்பிப் போய், ராத்திரி ஏழு நாப்பதுக்குத் திரும்பி வர்ற. வந்ததும் வராததுமா அடுப்பு முன்னாடி நிக்கற. அதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது."

"உங்களுக்கு வயிறு எரியறது அதனால இல்ல. எதனாலன்னு டாக்டர் நேத்தே சொல்லிட்டார்."

சொன்னார்தான். அதை ஒளிப்பதற்கில்லை. வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற வேலை. ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் நேரே போய் நிற்பது மார்க்கெட் முனையில் இருக்கும் வாணலி அண்ணன் கடை. அங்கே சாப்பிட்டதன் விளைவாக என் வயிறு கொஞ்ச நாளாகத் தானே பேச ஆரம்பித்திருந்தது. மெதுவாகப் பேசினாலும் பரவாயில்லை. போன வாரம் ஒரு வாடிக்கையாளர் பிளானைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்து, "லிஃப்ட் வந்துடுச்சு போல" என்றார். எங்கள் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.

டாக்டர் தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். பொரித்த அயிட்டம் எதையும் தொடக்கூடாது. தினமும் சாயங்காலம் ஒரு தட்டு நிறையக் காய். நாலைந்து வகை. ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய், பெரிய தீ, இஞ்சி, சீரகம், மிளகு. காய் குழையவும் கூடாது, பச்சையாகவும் இருக்கக் கூடாது. நன்றாக மென்று சாப்பிட வேண்டும். ஒரு மாதம் கழித்து வந்து வயிற்றைக் காட்ட வேண்டும்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். வாணலி அண்ணன் பொரிக்கும் உருளைக்கிழங்கை அவர் பார்த்ததில்லை. விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு தடவை பொரித்து, ஆறவிட்டு, மறுபடியும் பொரித்து, சலசலவென்று தட்டில் கொட்டி, மேலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவார். எட்டு மணி நேரம் அடுத்தவர் வீட்டுக்குக் கழிப்பறை எங்கே வைப்பது என்று மண்டையைக் குழப்பிக்கொள்பவனுக்கு உலகத்தில் அது ஒன்றுதான் ஆறுதல். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் எதற்காக அலுவலகம் போவது?

இதில் பெரிய சிக்கல் டாக்டர் இல்லை. என் மனைவி.

அவள் பஸ் டிப்போவில் கன்ட்ரோலர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக டிரைவர்கள் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது பழுத்துவிட்டது. யாராவது தாமதமாக வந்தால், "ஏன் லேட்?" என்று கேட்கவே மாட்டாள். ஏன் என்று கேட்டால் கதை வரும். "எந்த ஸ்டாப்புல லேட்?" என்றுதான் கேட்பாள். எவ்வளவு பெரிய கதைக்காரனும் அங்கே திணறிவிடுவான்.

டாக்டர் சொன்ன அன்றைக்கே எனக்கும் டைம் டேபிள் போட்டுவிட்டாள். ஐந்து நாற்பதுக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டுப் போனிலிருந்து அவளைக் கூப்பிட வேண்டும். செல்போன் செல்லாது. ஆக, அலுவலகத்திலிருந்து மார்க்கெட் முனைக்குப் போகும் வழி அடைபட்டது. வீட்டுக்கு வந்த பிறகு வெளியே போக எனக்கு ஒரு கௌரவமான காரணம் வேண்டும். ராத்திரி முழுக்க யோசித்ததில் கிடைத்த காரணம்தான் காய்.

"சமைக்கறது இருக்கட்டும், காய்க்கு எங்க போவீங்க?" என்று கேட்டாள் ஒற்றைச் செருப்போடு நின்றவள்.

"மார்க்கெட்டுக்கு. தினமும் புதுசா வாங்கிட்டு வருவேன்."

"தெரு முனையில கடை இருக்கே?"

"அங்க பீன்ஸைப் பாத்தியா? ரிட்டயராகிப் பத்து வருஷம் ஆன மாதிரி இருக்கு."

"மார்க்கெட்டுக்கு நடந்து போக இருபத்திரெண்டு நிமிஷம்."

"நடக்கறதும் ஜீரணத்துக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"அப்பிடியா? எப்ப சொன்னார்?"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பார்."

அவள் மூன்று விநாடி என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டாவது செருப்பைக் கழற்றினாள். "சரி" என்றாள்.

அந்த 'சரி'யைக் கேட்டே நான் பயந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை.

மறுநாள் ஐந்து நாற்பதுக்கு வீட்டுப் போனிலிருந்து ஆஜர் சொன்னேன். ஐந்து நாற்பத்தைந்துக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், குடைமிளகாய், இஞ்சி எல்லாம் பத்து நிமிடத்தில் வாங்கியாகிவிட்டது. ஆறு இருபதுக்கு வாணலி அண்ணன் முன்னால் நின்றேன்.

"என்ன சார், ரெண்டு நாளா காணோம்? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க. அதனாலதான் வரல. ஒரு பிளேட் போடுங்க."

அந்த முதல் கிழங்கை வாயில் போட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூடு ஒரு காரணம், பிரிவு ஒரு காரணம்.

ஏழு ஐந்துக்கு வீடு திரும்பி, போனில் மறுபடி ஆஜர் சொன்னேன். இனிமேல்தான் சமையல். நான் பிளான் வரைகிறவன் இல்லையா? காயைக் கண்டபடி வெட்டக் கை வரவில்லை. கேரட்டை நாலு சென்டிமீட்டர் நீளம், நாலு மில்லிமீட்டர் கனம் என்று அளந்து வெட்டினேன். பீன்ஸுக்கும் அதே அளவு. அளவுக்கு வராத துண்டுகளை ஒதுக்கியதில் பாதிக் காய் ஒதுங்கிவிட்டது. மீதியைக் கழுவி, சொட்டச் சொட்ட வாணலியில் போட்டு, முதலிலேயே உப்பையும் போட்டு, மூடியும் வைத்தேன். திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு குளம் இருந்தது. அதில் என் கேரட்டுகள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன.

ஏழு நாற்பதுக்கு அவள் வந்தாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டாள்.

"சூப் நல்லாருக்கு."

"சூப் இல்லம்மா. வதக்கல்."

"அப்பிடியா? சரி, ஸ்பூன் குடுங்க."

எனக்குக் கேலி பண்ணினால் பிடிக்காது. பொய்க்காக ஆரம்பித்த சமையலாக இருந்தால் என்ன, தொழில் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். மறுநாள் காலையில் எதிர் வீட்டு டீச்சரைப் பிடித்தேன். அவர் மூன்றே வாக்கியத்தில் என் அறியாமையைப் போக்கினார். காயைத் துணியில் துடைத்து ஈரமில்லாமல் போடணும். கேரட் மாதிரிக் கெட்டியான காய் முதலில், முட்டைகோஸ் கடைசியில். உப்பு இறக்கும்போதுதான்.

நாலாம் நாள் என் சமையலறையில் சத்தமே மாறிவிட்டது. எண்ணெய் ஒரு ஸ்பூன், அதில் சீரகம் படபட என்றது, இஞ்சி சுருண்டது, கேரட் சுர்ரென்றது. மூடி போடாமல் கரண்டியை ஓயவிடாமல் புரட்டினேன். குடைமிளகாய் தோல் லேசாகக் கருகி வாசனை வந்தது. மிளகைப் பொடித்துத் தூவி இறக்கினேன். அவள் ஒரு வாய் எடுத்தாள், நிறுத்தினாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் பண்ணினீங்களா?"

"பின்ன? வாட்ச்மேனா வந்து பண்ணினார்?"

"நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு. நீங்களும் போட்டுக்குங்க."

இங்கேதான் நான் யோசிக்காத ஒன்று இடித்தது. ஆறு இருபதுக்கு ஒரு பிளேட் கிழங்கை இறக்கிய வயிற்றில், எட்டு மணிக்கு ஒரு தட்டுக் காய் எப்படி இறங்கும்? வயிறு வாடகை வீடா, இரண்டு குடும்பத்தை வைக்க? என் தட்டிலிருந்த காயை அப்படியே அவள் தட்டுக்குத் தள்ளினேன்.

"நீ சாப்பிடும்மா. நாள் பூரா கத்திக் கத்தி வேலை பாக்கறவ நீ."

"உங்களுக்கு?"

"நீ சாப்பிடறதைப் பாத்தாலே எனக்கு நெறஞ்சுடுது."

சொன்னது பச்சை உண்மை. நிறைந்துதான் இருந்தது. அவள் இரண்டு பங்கையும் சாப்பிட்டாள்.

இந்தச் செய்தி எதிர் வீட்டுக்கு எப்படிப் போனதோ தெரியாது. ஒரு நாள் டீச்சரின் கணவர் மாடிப்படியில் என்னை மறித்தார்.

"சார், ஒரு ரிக்வெஸ்ட்."

"சொல்லுங்க."

"நீங்க சமைக்கறது தப்பில்ல. ஜன்னலைச் சாத்திட்டு சமைங்க. உங்க வீட்டு இஞ்சி வாசனை வந்தா எங்க வீட்டுல எனக்குத் திட்டு விழுது. 'எதிர் வீட்டுல பாத்தீங்களா, தன் பங்கைக்கூடப் பொண்டாட்டிக்குக் குடுக்கறாராம்'னு."

"அது ஒரு அன்புதான் சார்" என்றேன் அடக்கமாக.

"அந்த அன்பை ஜன்னலைச் சாத்திட்டு வெச்சுக்குங்க."

இரண்டாவது வாரம் வாணலி அண்ணன் கடையில் ஒரு மாறுதல் தெரிந்தது. பிளேட்டில் கிழங்கு குறைந்துகொண்டே வந்தது. எண்ணிப் பார்த்தால் பழைய அளவில் பாதி.

"என்னண்ணே, பிளேட்டுல பாதி பிளேட்டுதான் தெரியுது?"

"கிழங்கே இப்ப பொடிசாத்தான் வருது சார்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

பாதியில் யாருக்கு மனசு ஆறும்? இரண்டாவது பிளேட் வாங்கினேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு. கடைக்கு முன்னால்தான் ஒன்பதாம் நம்பர் பஸ் நிற்கும். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. டிரைவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும், கன்ட்ரோலர் அம்மா வீட்டுக்காரர் என்று. என்னைக் கண்டால் பாம் பாம் என்று இரண்டு ஹாரன் அடிப்பார்கள். நானும் கையில் கிழங்கோடு சல்யூட் வைப்பேன். என்ன மரியாதை, என்ன பண்பு என்று மனசுக்குள் பூரித்துப்போவேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அவள் கேட்டாள்.

"போக இருபத்திரெண்டு, வர இருபத்திரெண்டு, காய் வாங்கப் பத்து. மொத்தம் அம்பத்து நாலு. உங்களுக்கு எண்பது ஆகுது. மிச்சம் இருபத்தாறு நிமிஷம் எந்த ஸ்டாப்புல நின்னீங்க?"

"பீன்ஸ் பொறுக்கினேன். ஒவ்வொண்ணா ஒடிச்சுப் பாத்துதான் எடுப்பேன்."

"எத்தனை பீன்ஸ்?"

"இருக்கும், ஒரு நாப்பது."

அவள் மேலே விட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "ஒரு பீன்ஸுக்கு முப்பத்தொம்பது செகண்ட். கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட இவ்வளவு நேரம் பாக்கலையே நீங்க!"

"அப்ப அனுபவம் பத்தலம்மா."

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

மாதம் முடிகிற நேரத்தில் அவள் ஆளே மாறிப்போயிருந்தாள். எவ்வளவோ நாளாகக் கட்டில் பக்கத்தில் இருந்த தன் ஜீரண மருந்து பாட்டிலை எடுத்துக் குப்பையில் போட்டாள். டிப்போவிலிருந்து வரும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள். நெஞ்சு எரியுது, வயிறு உப்புது என்ற பேச்சே இல்லை. நாள் பூராக் கத்தினாலும் முகத்தில் களைப்பு இல்லை. என் பெல்ட் மட்டும் அதே ஓட்டையில் அப்படியே நின்றது.

டாக்டரிடம் போகிற நாள் நெருங்க நெருங்க எனக்கு உதறல் எடுத்தது. வயிறு காட்டிக்கொடுத்துவிட்டால் மார்க்கெட் போச்சு, வாணலி அண்ணன் போச்சு, என் சாயங்காலமே போச்சு. கடைசி மூன்று நாள் மனந்திருந்திப் பார்த்தேன். காயை நானே சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது நாள் பாக்கியை மூன்று நாளில் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் எடை பார்த்தார். தட்டினார். மறுபடி தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. அப்பிடியே இருக்கீங்க. தினமும் காய் சாப்பிட்டீங்களா?"

"தினமும் என் கையாலேயே வதக்கினேன் டாக்டர்!"

"சாப்பிட்டீங்களா?"

"சீரகம், இஞ்சி, மிளகு, ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய்..."

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

நான் சுவரில் இருந்த குடல் படத்தைப் பார்த்தேன். அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். அவள் கைப்பையைத் திறந்து, வண்டி நேரம் குறிக்கும் சின்ன நோட்டை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். நிதானமாகப் படித்தாள்.

"ஆறாம் தேதி. ஆறு இருபது, உருளைக்கிழங்கு, ஒரு பிளேட். பதினஞ்சாம் தேதி. ஆறு இருபது ஒரு பிளேட், ஆறு முப்பத்திரெண்டு இன்னொரு பிளேட். பதினாறாம் தேதி, அதே ரெண்டு, கூடவே சல்யூட்..."

"யார் சொன்னா உனக்கு?" என்று அலறினேன்.

"ஒன்பதாம் நம்பர். ஸ்டாப்புக்கு வந்ததும் டிரைவர்ங்க வயர்லெஸ்ல லொக்கேஷன் சொல்லணும்ல? அதோட சேத்து உங்களையும் சொல்லிடுவாங்க. மொத வண்டி மொத பிளேட்டைப் பாக்கும். பன்னெண்டு நிமிஷம் கழிச்சு வர்ற வண்டி அடுத்த பிளேட்டைப் பாக்கும்."

பதினெட்டு வருடம் கன்ட்ரோலரோடு குடித்தனம் நடத்தியவன், ஒளிந்து தின்பதற்குப் பஸ் ஸ்டாப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். என்னைப் போல ஒரு மூளைக்காரன் உண்டா!

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. என் மேல் இல்லை, அவள் மேல். "தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்தீங்க? அவர் உடம்பு என்னாகறது?"

"அவர் உடம்பை நான் விடல டாக்டர். தினமும் நாப்பத்து நாலு நிமிஷம் நடக்க வெச்சேன். கடைக்காரர்கிட்டப் பேசி பிளேட்டைப் பாதியாக்கினேன்."

"அதனாலதான் பாதியா!" என்றேன்.

"நீங்க ரெண்டா வாங்குவீங்கன்னு எனக்குத் தெரியல. அது ஒண்ணுல மட்டும் ஏமாந்துட்டேன்."

"மொத நாளே நிறுத்தியிருக்கலாமேம்மா?" என்றார் டாக்டர்.

அவள் நோட்டை மூடினாள். "நிறுத்தியிருந்தா யார் டாக்டர் சமைச்சிருப்பா? கிழங்கு இல்லன்னா இவர் மார்க்கெட் போக மாட்டார். மார்க்கெட் போகலன்னா காய் வராது. காய் வரலன்னா அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டார். பதினெட்டு வருஷத்துல இந்த ஒரு மாசம்தான், வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, கை கழுவிட்டு, உக்காந்து சூடா சாப்பிட்டிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. பொய்யாகச் சொன்னேனே, நீ அடுப்பு முன்னாடி நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியுது என்று, அது ஒரு நாளாவது எரிந்திருக்க வேண்டிய வயிறுதான். வெட்கமாக இருந்தது. இனிமேல் கிழங்கைத் தொடுவதில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சமையலை மறுபடி அவள் கையிலேயே விட்டுவிட்டுக் காயை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடலாம் என்றும் ஒரு ஓரத்தில் தோன்றியது.

அதற்குள் டாக்டர், "சரி, அப்ப இன்னைக்கு மட்டும் ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"இப்ப இவருக்கு நல்லா சமைக்க வந்துடுச்சு டாக்டர். இனிமே கிழங்கு வேண்டாம். காயைக் காலையில நானே வாங்கி வெச்சுட்டு டூட்டிக்குப் போறேன். இவர் வந்து வதக்கினாப் போதும். அதை நீங்க சீட்டுல எழுதிக் குடுத்துட்டா, நான் சொல்லிச் செய்யற மாதிரி இருக்காது பாருங்க."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சீட்டை இழுத்து, 'தினமும் இரவு, இருவருக்கும் காய் வதக்கல், கணவர் கையால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஆயுசு பூரா."

மாத்திரை எழுதியிருந்தால் பத்து நாளில் தீர்ந்திருக்கும்.